ரெண்டு வாளி

"மாமா, ஒரு இருபதாயிரம் வேணும். பொரட்டிக் குடு."

போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்க அக்கா மகன் வந்து இப்படிக் கேட்டபோது, ஒரு கூட்டத்துக்குப் போவதற்காக நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். எதுக்குடா என்றேன். கார் பாலீஷ் போடுகிற மெஷினும் சாமான்களும் வாங்கித் தனியாகத் தொழில் பண்ணப்போவதாகச் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. "உங்க தாத்தா கழுவுன காரு போதாதா? நீயும் கழுவணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அன்றைக்கு நான் பேசப்போன கூட்டமே அதைப் பற்றியதுதான். அடுத்தவன் அழுக்கைச் சுத்தம் செய்கிற வேலையை விட்டு நம் பிள்ளைகள் வெளியே வரவேண்டும் என்று 10 வருசமாக மேடை மேடையாகச் சொல்லிவருகிறவன் நான். தமிழில் எம்.ஏ. படித்திருக்கிறேன். நாலு பேர் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். இவன் கேட்கவில்லை. கோபப்படவும் இல்லை. "கழுவுறது வேற மாமா, பாலீஷ் போடுறது வேற. அது ஒனக்குத் தெரியாது" என்றான்.

ஒனக்குத் தெரியாது என்று எங்கள் பேட்டில் என்னிடம் யாரும் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது. அவன் சொன்னது சரி. எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எங்களுக்குப் பிள்ளையார்குப்பம். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற ரோட்டில், பாகூர் கொம்யூனில் இருக்கிறது. சேரியை எங்கள் பக்கம் பேட் என்பார்கள். ஊர் ஒருபக்கம், பேட் ஒருபக்கம். வெளியூர்க்காரர்களுக்கு இன்றைக்கு எங்கள் ஊர்ப்பெயர் தெரிவது மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியால். அந்த ரோட்டில் ஓடுகிற கார்களுக்கு அளவில்லை. கார் போகிற இடத்தில் வாட்டர் சர்வீஸ் கடை முளைக்கும். அங்கே முட்டிவரைக்கும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஈரத்தில் நிற்கிற பிள்ளைகளில் எங்கள் பேட்டுப் பிள்ளைகளும் உண்டு.

என் அப்பா ஒரு ஆண்டை வீட்டில் பண்ணையாளாக இருந்தவர். ஆண்டை யார், எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவரிடம் வெள்ளை அம்பாசிடர் ஒன்று இருந்தது. 1997 வாக்கில், எனக்கு 7, 8 வயசு இருக்கும்போது, வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் காரைக் கழுவ அப்பாவோடு போவேன். பம்புசெட்டிலிருந்து ஒரு வாளியில் தண்ணீர் மொண்டு வந்து கொடுப்பது என் வேலை. அந்த ஒரு வாளிதான். துணி சோப்பு ஒரு துண்டு. பழைய வேட்டியைக் கிழித்த கந்தல் ஒன்று. சக்கரத்துச் சேற்றைத் துடைத்த கந்தலை அதே வாளியில் முக்கிப் பிழிந்து, அதாலேயே பானெட்டையும் துடைப்பார்.

காரின் வெளிப்பக்கம்தான் அப்பாவுக்கு. கதவைத் திறக்கக் கூடாது. சீட்டைத் துடைப்பதும், ஸ்டியரிங்கைத் துடைப்பதும் டிரைவர். அவர் ஊர்த்தெருக்காரர். எல்லாம் காய்ந்த பிறகு வாக்ஸ்போல் டப்பாவைத் திறந்து பாலீஷ் போடுவதும் அவர்தான். அந்த டப்பாவை அப்பா கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் காலை வெயிலில் ஆண்டை பானெட்டைக் குனிந்து பார்த்தார். சிலந்தி வலை மாதிரி நெருக்கமாகக் கீறல். அப்பாவின் கந்தலில் வெள்ளை வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. "பெயிண்டையே தேச்சி எடுத்துட்டியேடா. கையா அது, அரமா? பறக்கை பட்டா இரும்புகூட வெளங்காது" என்றார். அந்த வாரக் கூலியைக் கொடுக்கவில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பின்னால் நடந்தேன். நம் கை அப்படிப்பட்ட கைதானோ என்று எனக்கும் தோன்றியது. தோன்றியது என்பதை எழுதுவதற்குத்தான் எனக்கு இத்தனை வருசம் ஆகியிருக்கிறது.

அக்கா மகன் ஐ.டி.ஐ. முடித்தவன். புதுச்சேரி டவுனில் ஒரு கடையில் 3 வருசம் வேலை பார்த்தான். வாட்டர் சர்வீஸ் மாதிரி இல்லை. டீட்டெய்லிங் என்று போர்டு போட்டு, கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த கடை. அங்கே தண்ணிப் பக்கம், மெஷின் பக்கம் என்று ரெண்டு பக்கம். தண்ணிப் பக்கத்தில் கார் கழுவுவார்கள். மெஷின் பக்கத்தில் கீறல் எடுத்துப் பாலீஷ் போடுவார்கள். மெஷின் பக்கத்துச் சம்பளம் தண்ணிப் பக்கத்தைப் போல ரெண்டு மடங்கு. இவனுக்குப் பிறகு சேர்ந்த பையன்கள், முதலாளிக்கு வேண்டப்பட்டவர்கள், மூணே மாசத்தில் மெஷின் பக்கம் போனார்கள். இவன் கேட்டால், "ஒனக்குத் தண்ணி வேலை நல்லா வருதுடா, அதுலயே இரு" என்பார்களாம். சாதிப் பெயரை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு வழக்காவது போட்டிருக்கலாம்.

இவன் சும்மா இருக்கவில்லை. தண்ணிப் பக்கத்தில் நின்றபடியே மெஷின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். காயலாங்கடையில் ஒரு பழைய பானெட்டை எடைக்கு வாங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் போட்டான். சிநேகிதன் ஒருத்தனின் மெஷினை ராத்திரிக்கு இரவல் வாங்கி அதில் பழகினான். அந்த பானெட்டின் ஓரமெல்லாம் பெயிண்ட் எரிந்து கிடந்ததை நான்தான் ஏதோ குப்பை என்று நினைத்துத் தூக்கிப்போடச் சொன்னேன்.

பணம் பொரட்டிக் கொடுத்தேன். சாமான் வாங்கவும் கூடப் போனேன். நம் தோழர்களுக்கும் தம்பி, அக்கா மகன் என்று யாராவது இருப்பார்கள் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் வாங்கியது ரெண்டு வாளி. எதுக்குடா ரெண்டு, ஒண்ணு போதாதா என்றேன். சிரித்தான். "ஒண்ணுல சோப்புத் தண்ணி, ஒண்ணுல வெறுந்தண்ணி. காரைத் துடைச்ச கையுறையை மொதல்ல வெறுந்தண்ணியில அலசணும். மண்ணெல்லாம் அடியில எறங்கிடும். அப்புறந்தான் சோப்புத் தண்ணியில முக்கணும். ஒரே வாளின்னா துடைச்ச மண்ணையே திரும்ப எடுத்துக் காருமேல தேய்ப்ப. சிலந்தி வலை மாதிரி கீறல் விழுறது அதாலதான் மாமா." நான் கடையிலேயே நின்றுவிட்டேன். அவனுக்கு ஏன் என்று தெரியாது.

வாளிக்கு அடியில் போட ஒரு சல்லடைத் தட்டு. இறங்கின மண் திரும்ப மேலே கலங்காது. சோப்பு என்றால் துணி சோப்பும் சோடாவும் ஆகாது. அவை காருக்குப் போட்ட மெழுகைக் கரைத்து எடுத்துவிடும். அமிலமும் இல்லாமல் காரமும் இல்லாமல் நடுவில் இருக்கிற கார் ஷாம்பு வேண்டும். துடைக்க மைக்ரோபைபர் துணி, குறைந்தது ஒரு டஜன். சக்கரத்துக்கு ஒன்று, மேலுக்கு ஒன்று என்று தனித்தனி. துணிகளிலும் கலப்பு கூடாதா என்று நான் கேலி பண்ணினேன். "மண்ணுக்கு சாதி கெடையாது மாமா, கீறல் போடும், அவ்ளோதான்" என்றான்.

கழுவிக் காயவைத்த காரின் மேல், கையில் ஒரு மெல்லிய பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு பை வழியாகத் தெரியும். பிரேக்கிலிருந்து பறக்கிற இரும்புத் தூள், தார், மரத்துப் பிசின் எல்லாம் பெயிண்டில் ஒட்டிக் கிடக்கும். இரும்புத் தூளுக்கு ஒரு திரவம் இருக்கிறது. தெளித்த கொஞ்ச நேரத்தில் ஊதாவாக ஒழுகும், அழுகின முட்டை மாதிரி நாறும். மிச்சத்துக்குக் களிமண் மாதிரி ஒரு கட்டி, கிளே பார். வழுக்குகிற திரவத்தைத் தெளித்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். கட்டி கை தவறித் தரையில் விழுந்துவிட்டால் தூக்கிப்போட்டுவிட வேண்டும். மிச்சம் பிடிக்கப் பார்த்தால் அதில் ஒட்டின மணல் காரைக் கிழித்துவிடும்.

அடுத்தது மெஷின். ரெண்டு விதம். ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். வேகமாக வெட்டும். ஒரே இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் சூடேறிப் பெயிண்டை எரித்துவிடும். டூயல் ஆக்ஷன் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும். மெதுவாகத்தான் வேலை நடக்கும், ஆனால் புதுசாகப் பழகுகிறவனை மன்னிக்கும். இவன் ரெண்டாவதை வாங்கினான். அதில் மாட்ட ஸ்பான்ஞ்சு பேடுகள்: வெட்டுவதற்குக் கெட்டியானது, பளபளப்புக்கு நடுத்தரம், கடைசிக்கு மெத்தென்றது. அதற்கேற்ற காம்பவுண்டு, பாலீஷ். ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களை மூட மாஸ்கிங் டேப். கீறலைப் பார்க்க ஒரு எல்இடி டார்ச்சு. துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பாலீஷில் இருக்கிற எண்ணெய் கீறலை மூடிக் கண்ணை ஏமாற்றும். ஆல்கஹாலால் துடைத்தால்தான் உண்மை தெரியும். கடைசியில் காப்புக்கு மெழுகோ சீலண்டோ.

டப்பாக்களில் எல்லாமே இங்கிலீஷ். படித்துச் சொல் மாமா என்றுதான் என்னைக் கூட்டிப்போனான். எம்.ஏ. படித்த நான் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கையில், இவன் டப்பாவை மோந்துபார்த்து, ரெண்டு விரலில் தேய்த்துப் பார்த்து எது என்னவென்று சொன்னான்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒரு கணக்கு. இரும்புத் தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் 1000இல் ஒரு பங்கு. கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். நம் தலைமயிர் ஒன்று சுமார் 70 மைக்ரான். லட்ச லட்சமாகக் கொடுத்து வாங்குகிற காரின் பளபளப்பு ஒரு மயிரளவுகூட இல்லை. கீறலை எடுப்பது என்றால் கீறலை நிரப்புவது அல்ல. கீறலைச் சுற்றியிருக்கிற கிளியர் கோட்டைக் கீறலின் ஆழத்துக்குச் சீவி மட்டப்படுத்துவது. சீவினது திரும்ப வராது. வெயிலைத் தாங்குவதும் அந்தப் பூச்சுதான். அதிகம் சீவினால் சில வருசத்தில் வெளுத்து உரியும். அதனால் முதலில் ஓர் ஓரத்தில், ரெண்டடிக்கு ரெண்டடி இடத்தில், இருப்பதிலேயே மிதமான பேடையும் பாலீஷையும் வைத்துப் பார்க்க வேண்டும். போதவில்லை என்றால்தான் அடுத்தது. நகத்தில் தட்டுப்படுகிற ஆழமான கீறலைச் சும்மா விட்டுவிட வேண்டும். பெயிண்டின் கனத்தை அளக்கிற சின்னக் கருவியும் இருக்கிறது. அதை அடுத்த வருசம் வாங்கப்போகிறான்.

அம்பாசிடர் கதையை அன்றைக்குத்தான் அவனிடம் சொன்னேன். மாவு ஒட்டியதையும் சொன்னேன். "அது பழைய பெயிண்டு மாமா. மேல கிளியர் கோட் கெடையாது. வெயில்ல வெந்து பொடிஞ்சிருக்கும். யாரு துடைச்சாலும் துணியில வரும். ஆண்டையே துடைச்சாலும் வரும்."

கைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சக்கரம் கழுவுகிற சில ஆசிட்டுகளில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் உண்டு. அது மற்ற அமிலம் மாதிரி உடனே எரியாமலும் இருக்கும். தோல் வழியாக உள்ளே இறங்கி எலும்புவரை போகும். தண்ணிப் பக்கத்துப் பிள்ளைகள் அதை வெறுங்கையால் தொடுவதைப் பார்த்திருக்கிறேன். கையுறையும் முகமூடியும் சாமான் பட்டியலில் முதல் வரியில் இருக்க வேண்டும்.

சாளிஸ்காவில் 1929இல் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தீண்டப்படாதவர்களின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசாங்கம் அமைத்த குழுவில் அண்ணல் அம்பேத்கர் உறுப்பினர். சாளிஸ்காவ் ஸ்டேஷனில் இறங்கினவரைத் தம் குடியிருப்புக்குக் கூட்டிப்போக நம் சனங்கள் குதிரை வண்டி பிடிக்கப் பார்த்தார்கள். ஒரு மகாருக்கு வண்டி ஓட்ட எந்த வண்டிக்காரனும் சம்மதிக்கவில்லை. கடைசியில், வண்டியை வாடகைக்குத் தருகிறேன், ஓட்டமாட்டேன் என்று ஒருவன் ஒத்துக்கொண்டான். நம்மவர் ஒருவர் ஓட்டினார். அவர் அதற்குமுன் வண்டி ஓட்டினதில்லை. ஆற்றுப் பாலத்தில் சக்கரம் சிக்கி, அண்ணல் கல்தரையில் தூக்கியெறியப்பட்டார். கால் முறிந்தது. தீண்டாமை அனுபவங்களை எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் இதை அவரே சொல்லியிருக்கிறார்.

இத்தனை நாள் இதை நான் அவமானத்தின் கதையாகத்தான் மேடையில் சொல்லிவந்தேன். இப்போது அந்த ஓட்டத் தெரியாத மனுசனையே நினைக்கிறேன். அவர் கையில் குறையில்லை. அந்தக் கையில் அதுவரை யாரும் கடிவாளத்தைக் கொடுத்ததில்லை. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரிக்கிறது என்று 1936இல் அண்ணல் எழுதினார். ஒரே காரில் தண்ணீர் ஒருத்தனுக்கு, வாக்ஸ்போல் டப்பா இன்னொருத்தனுக்கு என்று பிரித்ததை எட்டு வயசில் கண்ணால் பார்த்தவன் நான். எம்.ஏ. முடித்தும் எனக்கு அது உறைக்கவில்லை. சுத்தம் செய்கிற வேலையை விட்டு வெளியே வா என்று இப்போதும் பேசுவேன். கூடவே, அந்த வேலைக்குள்ளேயே நமக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட கருவி எது, கணக்கு எது என்றும் கேட்பேன்.

அக்கா வீட்டுக்குப் பக்கத்தில், பேட்டில், கீற்றுக் கொட்டகை போட்டான். வெயிலில் சுட்ட தகட்டில் பாலீஷ் போட்டால் உடனே காய்ந்து பிடித்துக்கொள்ளும். அதனால் நிழல் வேண்டும். முதல் கார் ஒரு மருத்துவ மாணவருடையது. கேரளத்துப் பிள்ளை. நேரே உள்ளே ஓட்டிவந்து, அக்கா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். பிறகு ஊரிலிருந்து போன். "வீட்டாண்ட வந்து பண்ணிட்டுப் போ" என்றார்கள். "மெஷினு, நெழலு, கரண்டு எல்லாம் இங்கதான் சார் இருக்குது. வண்டிய இங்க எடுத்தாங்க" என்றான். எத்தனை பேர் வருவார்கள் என்று நான் பயந்தேன். இவன் பயப்படவில்லை. கோயில் தேர் ஒருநாளும் திரும்பாத தெரு எங்களுடையது.

ஒருவர் வந்தார். மெயின் ரோட்டிலேயே நின்றுகொண்டார். "உள்ள வரல. நீ எடுத்தும்போ, முடிச்சிட்டுக் கொண்டாந்து விடு" என்று சாவியை நீட்டினார். வாங்காதடா, உள்ளே வரமுடியாதவன் வண்டி நமக்கு எதற்கு என்று எனக்கு வாய்வரை வந்தது. அவன் சாவியை வாங்கிக்கொண்டான். லைசென்ஸ் வைத்திருக்கிறான். கதவைத் திறந்து, சீட்டைத் தனக்கு ஏற்றபடி முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பேட்டுக்குள் ஓட்டி வந்தான். வண்டிக்காரர் சாயங்காலம்வரை ரோட்டோரம் டீக்கடையில் காத்திருந்தார். கேட்ட காசைக் கொடுத்தார். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோல்வி என்று சொன்னால் அவன் சிரிப்பான்.

அன்றைக்கு அப்பாவும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியாது. பேரன் கழுவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "இன்னாடா, ரெண்டு வாட்டி முக்குற சத்தம் கேக்குது?" என்றார். இவன் விளக்கினான். மண் எப்படி இறங்கும், ஒரே வாளி என்றால் கீறல் எப்படி விழும் என்று எனக்குச் சொன்ன அதையே தாத்தாவுக்கும் சொன்னான்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "நமக்கு ஒரு வாளிதானடா குடுத்தாங்க" என்றார்.